உப்பு ஜாடிக்கு அடியில் இருந்த காகிதம்

அத்தியாயம் 9

காலை ஐந்தே முக்காலுக்கு உப்பு ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள் அக்கா. அடியில் காகிதம் இல்லை.

ஜாடியைக் கீழே வைத்தாள். மறுபடி தூக்கினாள். வைத்து எடுப்பதற்குள் காகிதம் முளைத்து வந்துவிடுமா என்ன? ஆனாலும் மூன்றாவது தடவையும் தூக்கிப் பார்த்தாள். மேஜை விரிப்பில் ஜாடியின் வட்டத் தடம் மட்டும் இருந்தது.

போன வாரம் விட்டுப்போனவர்களுக்காக ஒரு வார்த்தை. நாற்பத்திரண்டு வயதில், மூன்று நாள் உட்கார்த்திவைத்துக் கேள்வி கேட்ட பிறகு, டாக்டரம்மா நம் அக்காவிடம் ஒரு தடிமனான அறிக்கையும் ஓர் ஒற்றைத் தாளும் கொடுத்தார். இரண்டிலும் ஆட்டிசம் என்று எழுதியிருந்தது. "அறிக்கை உங்களுக்கு. இந்தத் தாள், உங்களுக்கு இஷ்டம் இருந்தா, வேலை பாக்கற இடத்துல குடுக்கறதுக்கு. இஷ்டம் இருந்தாதான்" என்றார். அது நடந்து ஆறு வாரம்.

அக்கா வீட்டில் காகிதத்துக்கெல்லாம் நிறம் உண்டு. வீட்டுக் காகிதம் மஞ்சள் ஃபைல், மருத்துவக் காகிதம் சிவப்பு, அக்காவின் வேலைக் காகிதம் நீலம். அத்தானும் தங்கையும் முதலில் கேலி பண்ணினார்கள். பிறகு கேஸ் ரசீதைத் தேட மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு அந்தச் சட்டத்துக்கு அடங்கிவிட்டார்கள்.

தடிமனான அறிக்கை அன்றைக்கே சிவப்புக்குள் போய்விட்டது. ஒற்றைத் தாள்தான் நின்றுவிட்டது. சொல்வதில்லை என்றால் சிவப்பு. சொல்வது என்றால் நீலம். எது என்று முடிவாகாததால் சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்கு அடியில், ஆறு வாரம் கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

இன்றைக்குப் பார்த்துக் காணோம். இன்றைக்கு மூன்று மணிக்குத்தான் வேலை இடத்தில் விசாரணை.

"நான் எடுக்கல" என்றாள் தங்கை, வாய் நிறையப் பற்பசையோடு. பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். காலையில் பல் தேய்க்க மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வாள். "எடுத்திருந்தா நேரா உன் இன்சார்ஜ் கையில குடுத்திருப்பேன். எத்தனை தடவை சொல்றது? மறைச்சு வச்சாதான்க்கா அது பெருசாகும். சொல்லிட்டா மறுநாள் யாரும் கண்டுக்க மாட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. தோணுது."

தோன்றுவதை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்வாள்? அவளுக்கு எண்ணிப் பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும். அத்தானைக் கேட்கலாம் என்றால் அவர் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டார். டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வகுப்பில் இருக்கும்போது போனைத் தொட மாட்டார். அக்கா வாசலுக்கும் மேஜைக்கும் நாலு நடை நடந்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வழக்கம்போல நீல ஃபைலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள்.

---

அக்கா வேலை பார்ப்பது மருத்துவமனையின் அடித்தளத்தில். மேலே அறுவை அரங்கில் பயன்படுத்திய கத்தரி, இடுக்கி, கிளாம்ப் எல்லாம் லிஃப்டில் கீழே வரும். அவற்றைக் கழுவி, உலர்த்தி, பட்டியல்படி தட்டில் அடுக்கி, துணி சுற்றி, நீராவி இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். அப்படி அடுக்கிய ஒரு தட்டுக்கு 'செட்' என்று பெயர். ஒரு செட்டில் நாற்பது சாமான் இருக்கும், அறுபதும் இருக்கும். ஒன்று குறைந்தால் மேலே கத்தியைக் கையில் எடுத்த டாக்டர் அப்படியே நிற்க வேண்டியதுதான்.

அக்காவுக்கு அங்கே பெயர் 'ஸ்கேனர்'. அறையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பார்வை பார்த்து, "அதுல ஒண்ணு குறையுது" என்பாள். யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். நேராகக் குனிந்து மேஜைக்கு அடியில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பதினொரு வருடமாக அப்படித்தான். போன வாரம் வரை அவள் கையெழுத்துப் போட்ட ஒரு செட்கூடத் திரும்பி வந்தது கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன் புது இன்சார்ஜ் அம்மா வந்தார். கூடவே ஒரு புது முறையும் வந்தது. அதுவரை இரண்டு பேர் ஒருவர்பின் ஒருவராகப் பேசாமல் பார்த்து, பட்டியலில் டிக் போட்டார்கள். இனிமேல் ஒருவர் பட்டியலை உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர் சாமானைப் பார்த்து "இருக்கு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாருக்கும் இது விளையாட்டு மாதிரி இருந்தது. அக்காவுக்கோ காதில் குரல் விழுந்தால் கண் நின்றுவிடும். எதிரில் ஆள் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்ற பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டு "இருக்கு" என்றுவிடும். போன வாரம் மட்டும் இரண்டு செட் மேலேயிருந்து திரும்பி வந்துவிட்டது. நல்ல வேளையாக அங்கே பிரித்தவுடனேயே எண்ணிப் பார்த்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு தடவையும் வாசித்தவள் வானொலி. நாலு மாதத்துக்கு முன் சேர்ந்தவள், ஆறு மாதச் சோதனைக் காலத்தில் இருக்கிறாள். கையுறை போடும்போது ஒரு கதை, கழற்றும்போது ஒரு கதை என்று பேசிக்கொண்டே இருப்பாள். அதனால் அந்தப் பெயர். தினமும் காலையில் அக்காவின் நீல ஃபைலை வாங்கிக்கொண்டு போய், அன்றைய பட்டியல்களை நகல் எடுத்து வருவது அவள் வேலை. பட்டியல்கள் அக்காவே கைப்பட எழுதியவை.

இன்றைக்கும் ஏழு மணிக்கு வாங்கிக்கொண்டு போனாள், எட்டு மணிக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

பத்து மணிக்கு டீ இடைவேளையில் அக்கா அத்தானுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, மேஜை மேல இருந்த தாள்?"

"அதுவா? நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டீயைக் கொட்டிட்டேன்மா. நனைஞ்சிடப் போகுதேன்னு எடுத்து ஃபைல்ல வச்சேன்."

"எந்த ஃபைல்?"

"மேல 'பணியிடத்துக்கு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தது. வேலைக் காகிதம்னா நீலம். நீதானே சொன்ன?"

சொல்லவே கூடாது என்று ஆறு வாரமாக ஒற்றைக் காலில் நிற்கிற மனுஷன்! அவரே தன் கையால் அதை நீலத்தில் செருகி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்திருக்கிறார். "ஹலோ? ஹலோ? அதைக் கொண்டு போயிட்டியா?" என்று அவர் அலறியது மட்டும் கேட்டது.

அக்கா போனை அணைத்தாள். டீயைக் கீழே வைத்துவிட்டு அடுக்கும் அறைக்கு நடந்தாள். பாதி வழியில் நின்றாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். நகல் எடுக்கிற இயந்திரம் நடுத் தாழ்வாரத்தில் இருக்கிறது, பக்கத்தில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். யார் பார்த்தார்கள்? எத்தனை பேர்?

நீல ஃபைல் அவள் மேஜையில், அதன் இடத்தில் இருந்தது. திறந்தாள். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டில் இல்லை. பட்டியல்கள் எல்லாம் தாண்டி, கடைசி பிளாஸ்டிக் உறைக்குள், முன்னால் ஒரு வெற்றுத் தாளும் பின்னால் ஒரு வெற்றுத் தாளும் வைத்து, நடுவில் இருந்தது. அத்தான் ஒரு தாளை ஃபைலில் வைக்கிற லட்சணம் அக்காவுக்குத் தெரியும். மேலாக வைத்து மூடுவார், அவ்வளவுதான். இது வேறு கை.

நிமிர்ந்து பார்த்தாள். எதிர் மேஜையில் வானொலி இடுக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முகத்தைப் பார்த்து மனசைக் கண்டுபிடிக்கிற வித்தை அக்காவுக்கு வராது. ஆனால் எண்ணத் தெரியும். எட்டு மணியிலிருந்து இரண்டு மணி நேரமாக வானொலி ஒரு கதைகூடச் சொல்லவில்லை. நாலு மாதத்தில் இது முதல் தடவை.

---

பன்னிரண்டரைக்கு மருத்துவமனை வாசலில் தலையில் பலகை வைத்த டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள். பக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டு அத்தான்.

"இதுதான் இன்னிக்கு ரூட்டா சார்?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமாங்க. ஓரமா நிறுத்தறது எப்படின்னு பழகிக்கங்க. அஞ்சு நிமிஷம் பழகுங்க."

அக்கா ஜன்னலோரம் குனிந்தாள். அத்தான் கையை நீட்டினார். "எடுத்துட்டியா? குடு, நான் வீட்டுக்குக் கொண்டு போயிடறேன். யாரும் பாக்கலயே?"

"வானொலி பாத்துட்டா."

"போச்சு! ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

"இல்லைங்க. யாருக்கும் சொல்லல. ஒளிச்சு வச்சிருக்கா."

அத்தான் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். குரல் தணிந்தாலும் பக்கத்தில் இருந்த அம்மாளுக்கு எல்லாமே கேட்டது. அவர் சாலையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, நான் கெட்டவனா இருந்துட்டுப் போறேன். என்கிட்ட ஒருத்தர் கத்துக்கிட்டார். காது லேசா மந்தம். அருமையா ஓட்டுவார். டெஸ்ட் அன்னிக்கு அவரே போய், சார் எனக்குக் காது இப்படின்னு சொன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவர் திருப்பினாலும் தப்பு, நிறுத்தினாலும் தப்பு. அவர் ஓட்டறதை யாரும் பாக்கல, காதைத்தான் பாத்தாங்க. ஸ்கேனர்னு கூப்பிடறாங்களே, அந்த மரியாதையை நீயே கொண்டு போய்த் தொலைக்கணுமா? எனக்குப் பயமா இருக்குமா."

எனக்கும் பயம்தான் என்று அக்கா சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரியும்.

"சொல்லலன்னா வானொலியை அனுப்பிடுவாங்க" என்றாள்.

"அவளை ஏன்?"

"நான் பதினொரு வருஷம். அவ நாலு மாசம். வாசிக்கும்போது அவதான் வரியை விட்டிருப்பான்னு எல்லாரும் நினைக்கறாங்க. அவ விடல. நான் பாக்காமலே இருக்குன்னு சொன்னேன். ரெண்டு தடவையும்."

அத்தான் இடது காலால் தன் பக்கத்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தார், வண்டியோ நின்றுகொண்டிருந்தது.

"சார்" என்றார் அந்த அம்மாள், தலையைத் திருப்பாமலே. "சிக்னல் போட்டபடியே நிக்கறோம். அணைக்கட்டுமா?"

"அணைங்க" என்றார் அத்தான். பிறகு மடியில் இருந்த வகுப்பு அட்டையைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, பேனாவோடு அக்காவிடம் நீட்டினார். "எழுதி வச்சுக்க. ஆள் முன்னாடி பேசினா உனக்கு வரிசை மாறிப்போகும். நாலு வரி போதும்."

அக்கா அட்டையை வாங்கிக்கொண்டாள். சொல்லு என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் இந்தத் தடவை சொல்லவில்லை. கார் ஒரு உதறு உதறிக் கிளம்பிப் போனது.

---

மூன்று மணிக்கு இன்சார்ஜ் அம்மாவின் அறையில் மூன்று நாற்காலிகள். மின்விசிறி கடகடவென்று ஓர் இடத்தில் இடித்துக்கொண்டே சுற்றியது. அந்தச் சத்தம் அக்காவின் பல்லுக்குள் இறங்கியது. அட்டையை மடியில் வைத்து, முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை எலும்பு செட், வெள்ளிக்கிழமை கண் செட்" என்றார் இன்சார்ஜ் அம்மா. கெட்ட மனுஷி இல்லை. கண்டிப்பானவர், ஆனால் யாரையும் அவமானப்படுத்திப் பேசமாட்டார். வானொலியைப் பார்த்தார். "ரெண்டையும் வாசிச்சது நீங்க. பதில் சொன்னது இவங்க. இவங்க கையில பதினொரு வருஷமா ஒரு தப்பு கிடையாது. எனக்கு வேற மாதிரி யோசிக்க வழி இல்லம்மா. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அக்கா முதல் வரியைப் படிக்க வாயைத் திறந்தாள். அதற்குள் வானொலி முந்திக்கொண்டாள்.

"நான்தான் ஒரு வரி தாண்டியிருப்பேன் மேடம்."

அக்காவின் அட்டையில் இதற்கு வரி இல்லை.

வரிசை மாறிவிட்டது. நாலு வரியில் எதை முதலில் சொல்வது? இந்தப் பெண் ஏன் இப்படிச் சொல்கிறாள்? தாண்டவில்லை என்று அவளுக்கும் தெரியுமே? அக்காவின் விரல் அட்டையின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தது. மின்விசிறி இடித்துக்கொண்டிருந்தது. விசாரணைத் தாளில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ஐந்து நிமிஷத்தில் வெளியே போய்விடலாம், தாள் சிவப்பு ஃபைலுக்குப் போய்விடும். ஆறு வாரத்து இழுபறி இன்றோடு முடிந்துவிடும். அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

"தாண்டல" என்றாள் அக்கா. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மேஜையின் மூலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பதினாலாவது வரி, 'வளைஞ்ச கிளாம்ப், ஆறு'. அதை வாசிச்சா. வாசிச்சிட்டு, 'ஆறும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்குல்லக்கா'ன்னு கேட்டா. அப்புறம் பதினஞ்சாவது வரி, 'நேர் கிளாம்ப், நாலு'. அப்புறம் 'சின்ன இடுக்கி, ரெண்டு'. ஒரு வரிகூட விடல. வெள்ளிக்கிழமையும் விடல. அதையும் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றார் இன்சார்ஜ் அம்மா மெதுவாக. "அப்ப ஆறு கிளாம்ப் இருக்குன்னு சொன்னது?"

"நான். எண்ணல. குரல் கேட்டா எனக்குக் கண்ணு வேலை செய்யாது. பழைய மாதிரி பேசாம பாத்தா ஒண்ணுகூடத் தப்பாது. ஏன்னு இதுல எழுதியிருக்கு."

நீல ஃபைலின் கடைசி உறையிலிருந்து தாளை உருவி மேஜையில் வைத்தாள். அதில் உப்பு ஜாடியின் வட்டம் பதிந்திருந்தது.

இன்சார்ஜ் அம்மா படித்தார். முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். அந்த ஒரு சொல்லில் அவர் கண் நின்றதை அக்காவால்கூடப் பார்க்க முடிந்தது.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"எனக்கே ஆறு வாரமாத்தான் தெரியும்."

"ம்." தாளைக் கீழே வைத்தார். "எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் மாட்டேன். இது மேலதிகாரிங்ககிட்ட போகணும். அவங்க பாத்து முடிவு சொல்ற வரைக்கும் நீங்க செட் தொட வேண்டாம். நாளைலேருந்து துணி மடிக்கிற மேஜைக்கு வாங்க."

"எத்தனை நாள்?"

"தெரியாது."

அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. பத்து நாள் என்று சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள், நூறு நாள் என்றால்கூட எண்ணிக் கழித்திருப்பாள்.

இன்சார்ஜ் அம்மா வானொலியிடம், "நீங்க நாளைக்கு வழக்கம்போல வாங்க" என்றார். பிறகு அலமாரியைத் திறந்து, தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஃபைலில் வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

---

தாழ்வாரத்தில் வானொலி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? நான் வேற இடம் பாத்துக்க மாட்டேனா?"

"படிச்சியா?"

"மிஷின்ல வைக்கும்போது கண்ணுல பட்டுது. ரெண்டு வரி படிச்சிட்டேன். அப்புறம் படிக்கல. சத்தியமா."

"இன்சார்ஜ்கிட்ட சொல்லியிருந்தா நீ தப்பிச்சிருப்பியே. ஏன் சொல்லல?"

"நீங்க என்கிட்ட சொல்லலியே அக்கா. நீங்க சொல்லாததை நான் எப்படிச் சொல்றது?" வானொலி மூக்கை உறிஞ்சினாள். "எட்டு மணியிலேருந்து வாயை மூடிக்கிட்டு உயிரே போயிடுச்சு எனக்கு."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் பக்கவாட்டில் பார்த்தாள். அடுக்கும் அறையின் கண்ணாடிச் சுவர். உள்ளே மதிய ஷிஃப்ட் ஆட்கள் இரண்டு பேர் ஒரு செட்டை முடித்துக்கொண்டிருந்தார்கள். வாசிக்கிற குரல் கண்ணாடியைத் தாண்டி மெலிதாகக் கேட்டது. "இருக்கு. இருக்கு. இருக்கு." துணியின் முதல் மடிப்பை இழுத்தாயிற்று.

எலும்பு செட். வளைந்த கிளாம்ப்புகள் தட்டின் கம்பியில் வரிசையாகக் கோத்திருந்தன.

அக்கா நின்றாள்.

அந்த இரண்டு பேருக்கும் டாக்டரம்மா எந்தத் தாளும் கொடுக்கவில்லை. காதும் கண்ணும் ஒன்றாகவே வேலை செய்கிறவர்கள்தான். இருந்தும் கம்பியில் இருந்தது ஆறு இல்லை, ஐந்து.

கதவைத் திறக்கக் கை போனது. செட் தொட வேண்டாம் என்று உத்தரவு. கையை எடுத்துக் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே இருந்தவர்கள் கேட்காமல் இரண்டாவது மடிப்பை இழுத்தார்கள். இரண்டு கையாலும் படபடவென்று தட்டினாள். அவர்கள் நிமிர்ந்தார்கள். பின்னால் கதவு திறந்து இன்சார்ஜ் அம்மாவும் வெளியே வந்தார். தாள் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"என்ன சத்தம்?"

"அதுல ஒண்ணு குறையுது" என்றாள் அக்கா.

யாரும் குனிந்து மேஜைக்கு அடியில் தேடவில்லை. உள்ளே இருந்த இரண்டு பேரும் இன்சார்ஜ் அம்மாவைப் பார்த்தார்கள். இன்சார்ஜ் அம்மா செட்டைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார்.

"நிச்சயமாவா?" என்று கேட்டார்.

பதினொரு வருடத்தில் அந்த அடித்தளத்தில் யாரும் அவளைக் கேட்டிராத கேள்வி அது.